சாம்பல் நிறக் காது

சண்டை நடந்த காலத்தில் நீ என்ன செய்தாய் என்று யாராவது கேட்டால் உண்மையைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. நான் கணினித் திரையில் நிறம் பூசிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, ஒன்பது வேலை நாள். வாவிக்கு மேற்கே படுவான்கரைச் சனம் உடுத்த உடுப்போடு வலையிறவுப் பாலத்தைக் கடந்து வந்து, பள்ளிக்கூட வளவுகளில் கூடாரம் போட்டுக் கிடந்த நேரத்தில். இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் நிவாரண அலுவலகம் நாவற்குடாவில் வாடகைக்கு எடுத்த ஒரு வீடு. முன் மண்டபத்தில் மூன்று கணினிகள். வாவிக்கு அந்தப் பக்கமிருந்து வந்த குடும்பங்களைப் பதிவதற்கென்று கொழும்பில் ஒரு கம்பனி செய்து கொடுத்த புரோகிராம் அவற்றில் இருந்தது. திறந்தால் மேலே ஐந்து டெப் வரிசையாக நிற்கும். கோப்பு மட்டைகளில் பெயர் எழுதுவதற்காக மேலே நீட்டிக்கொண்டிருக்கும் காது இருக்கிறதே, அதே வடிவம். அதனால் அலுவலகத்தில் எல்லோரும் அதைக் காது என்றே சொன்னோம். முதலாவது காது குடும்பத் தலைவர். பிறகு மனைவி, பிள்ளைகள், சுகாதாரம். கடைசிக் காது வீடு. வீட்டுக்கு என்ன சேதம் என்று அதில் பதிந்தவர்களுக்குத்தான் ஓடும் மரமும் சீமெந்தும் வரும். மற்ற நாலு காதும் நிரம்பி வழிந்தாலும் வீட்டுக் காது வெறுமையாக இருந்தால் ஒரு துண்டு ஓடு கிடையாது.

அந்த வீட்டுக் காது பிறக்கும்போதே சாம்பல் நிறம். அதாவது பூட்டு. முதலாவது காதில் குடும்பத் தலைவரின் அடையாள அட்டை இலக்கத்தைப் போட்டு, அவர் நேரில் வந்து கையொப்பம் வைத்தார் என்று சரி போட்டால்தான் அது திறக்கும். தலைவர் ஆணாக இருக்க வேண்டும். பெண் என்றால் கணவனின் மரண அத்தாட்சிப் பத்திர இலக்கத்தைக் கேட்கும். கணவன் ஒன்றில் இருக்கிறான், அல்லது செத்துவிட்டான். இருக்கிறானா இல்லையா என்றே தெரியாமல் ஒருத்தன் போகலாம் என்பது அந்தப் புரோகிராமுக்குத் தெரியாது. அந்த வருடங்களில் எங்கள் மாவட்டத்தில் அப்படிப் போனவர்கள் எத்தனை பேர்! எந்த முகாமில் எந்தக் கூடாரத்தை எட்டிப் பார்த்தாலும் ஒருத்தி இருப்பாள். குளிரூட்டிய அறையில் இருந்து அதைச் செய்த மகராசன் எட்டிப் பார்க்கவில்லை.

அவனுக்குத் தெரியாத இன்னொன்றும் இருந்தது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. தாய் மகளுக்குக் கொடுப்பாள், அந்த மகள் தன் மகளுக்குக் கொடுப்பாள். ஆண் கலியாணம் கட்டி அந்த வீட்டுக்கு வருவான், அவ்வளவுதான். இது ஆருடைய வீடு என்று கேட்டால் கணவனே மனைவியின் பெயரைத்தான் சொல்வான், அதில் அவனுக்கு ஒரு குறையும் இல்லை. எங்கள் ஆட்கள் முதல் கிழமையில் மனைவியின் காதைத்தான் முதலில் நிரப்பினார்கள். அது பிழை என்று கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. தன் வீட்டைச் சொல்ல ஒருத்தி அந்த வீட்டுக்கு வந்தவனைக் கூட்டிக்கொண்டு வர வேண்டுமாம். இதைவிட ஒரு அநியாயம் உண்டா?

எனக்குக் கணினி டிப்ளோமா இருந்தது. ஆகவே புரோகிராமில் எது நடந்தாலும் பழி என் தலையில்தான். ஆனால் அதன் உள்ளே கைவைக்க எனக்கு அனுமதி இல்லை. கம்பனி எங்களுக்குத் திறந்துவிட்டது ‘தோற்றம்’ என்ற ஒரேயொரு பக்கத்தை. காதுகளின் நிறம், எழுத்து, உயரம், மூலை வளைவாக வேண்டுமா கூராக வேண்டுமா, இவைதான் என்னுடைய ராச்சியம்.

ஒரு திங்கட்கிழமை பணிப்பாளர் என் கதிரைக்குப் பின்னால் வந்து நின்றார். கொழும்பிலேயே பிறந்து வளர்ந்தவர். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். கெட்ட மனிதராக இருந்திருந்தால் கோபிக்க இலேசாக இருந்திருக்கும்.

“தங்கச்சி, இந்த ஸ்க்ரீன் சரியான டல்லா இருக்கு. அடுத்த மாசம் வெளிநாட்டிலயிருந்து ஆட்கள் பார்க்க வாறாங்க. இந்த டெப் எல்லாத்தையும் கொஞ்சம் வடிவாக்குங்க” என்றார்.

“சேர், வீட்டு டெப் திறக்குதில்ல. புருசன் காணாமப் போன ஆக்கள் வந்து வந்து திரும்பிப் போறாங்க. அதச் சொல்லி எழுதினீங்களா?”

“எழுதுவம், எழுதுவம். அது சிஸ்டம் விஷயம். நீங்க கலரைப் பாருங்க.”

கலரைப் பார்த்தேன். அந்த நாளில் எங்கள் ஊரில் கலர் பார்ப்பது லேசுப்பட்ட காரியமா? சிவப்புப் போட்டேன். பக்கத்தில் மஞ்சள் வந்ததும் இயக்கத்தின் கொடி போலாயிற்று, கணக்காளர் ஓடி வந்து, “ஐயோ மிஸ், எங்கள உள்ளுக்குப் போடவா பாக்கிறீங்க?” என்று திரையைக் கையால் மறைத்தார். பச்சை ஒரு கட்சி, நீலம் இன்னொரு கட்சி. கடும் பச்சை ஆமிக்காரரின் உடுப்பு. செம்மஞ்சள் பிக்குமாரின் காவி என்று எங்கள் வான் சாரதியே வேண்டாம் என்றான். கறுப்பு துக்கம், வெள்ளையும் துக்கம். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சொந்தக்காரன் துவக்கோடு நின்றான். கடைசியில் ஒருவருக்கும் சொந்தமில்லாமல் மிஞ்சியது கத்தரிப்பூ நிறம். அதைப் பூசினேன். தமிழ் எழுத்து அகலம் என்பதால் ‘குடும்பத் தலைவர்’ என்பது ‘குடும்பத் த’ என்று வெட்டுப்பட்டு நின்றது. காதை அகட்டினால் வீட்டுக் காது இரண்டாம் வரிசைக்கு விழுந்தது. எழுத்தைச் சுருக்கினால் படிக்க முடியவில்லை. இதற்கே நாலு நாள் போயிற்று.

இந்த நாலு நாளுக்குள்தான் அந்த அக்கா வந்தாள்.

நாற்பது வயது இருக்கும். படுவான்கரையில் வயல் வட்டைக்குப் பக்கத்தில் ஊர். இரண்டு பெண்பிள்ளைகளோடு முகாமில் இருந்தாள். வீட்டின் பின்பக்கச் சுவரையும் பாதிக் கூரையையும் வந்து வெடித்த செல் கொண்டுபோய்விட்டது. மூத்தவளுக்கு ஒரு இடத்தில் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் நல்லவர்கள், ஆனால் கொடுக்கிற வீட்டில் கூரை இருக்க வேண்டுமல்லவா? திரும்பிப் போகும்போது ஓடு போட்டால் அந்த வீட்டை மகளுக்கு எழுதிக்கொடுத்துவிட்டுத் தான் பின்வளவில் ஒரு கொட்டிலைப் போட்டுக்கொண்டு இருக்கலாம் என்பது அவளுடைய எண்ணம். அதற்காகத்தான் பதிய வந்தாள்.

கணினியில் பதிகிற எங்கள் பிள்ளை மரியாதையாகத்தான் கேட்டாள். “ஐயா எங்க, அக்கா?”

“மாடு பாக்கப் போன மனிசன். ஒண்டர வருசமாச்சி. இன்னம் வரல்ல.”

“அப்ப மரணப் பத்திரம் இருக்கா?”

அக்காவின் முகம் மாறிவிட்டது. “அவரு செத்தாரெண்டு ஆருகா சொன்ன? நீ கண்டியா? வராத மனிசனுக்கு என்ன பத்திரம்?”

“இல்லக்கா, இது கேக்குது...” என்று அந்தப் பிள்ளை திரையைக் காட்டினாள்.

“இதுவா கேக்குது? அப்ப இதுக்கிட்டச் சொல்லு. அது என்ட அம்மா எனக்குத் தந்த வீடு. அவரு என்ட வீட்டுக்கு வந்தவரு. என்ட வீட்டுக்கு அவர்ர கையெழுத்து என்னத்துக்கு?”

நான் கத்தரிப்பூ நிறத்தை விட்டுவிட்டு எழுந்து போனேன். ஏதாவது ஒரு இலக்கத்தைப் போட்டுவிடுவோமா என்று கணக்காளர் என் காதுக்குள் கேட்டார். போடலாம், ஆனால் இலக்கங்களை அரசாங்கக் கச்சேரியில் ஒத்துப் பார்ப்பார்கள். பொய் என்று பிடித்தால் அவளுடைய நிவாரண அட்டையும் போய்விடும். இதை எங்களால் திறக்க முடியாது என்று அக்காவிடம் சொன்னேன். மேலிடத்துக்கு எழுதியிருக்கிறோம், மாறும் என்று சொன்னேன். எழுதுவதாகப் பணிப்பாளர் சொன்னது மட்டும்தான் உண்மை. அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “மாறினா சொல்லி அனுப்பு மனே” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எட்டாம் நாள் பணிப்பாளர் மறுபடி வந்தார். நாலு காதும் கத்தரிப்பூவாக இருக்க, ஐந்தாவது மட்டும் சாம்பலாகக் கிடந்தது அவர் கண்ணை உறுத்தியது.

“இது மட்டும் ஏன் இப்பிடி? வாற ஆட்கள் முதல்ல இதைத்தான் கேட்பாங்க. இதையும் மற்றது மாதிரியே ஆக்குங்க.”

பூட்டிக் கிடக்கிறது என்று மனம் வருந்தவில்லை, பூட்டு வெளியே தெரிகிறது என்றுதான் கவலை. ஒய்யாரக் கொண்டையாம் தாழம்பூவாம், உள்ளே இருக்குமாம் ஈரும் பேனும்! வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு ‘தோற்றம்’ பக்கத்தைக் கீழே கீழே இறக்கிப் பார்த்தேன். அடியில் ஒரு வரி இருந்தது. ‘பூட்டிய டெப்பையும் மற்றவை போலக் காட்டு.’ பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம். அதில் சரி போட்டேன். வீட்டுக் காதும் கத்தரிப்பூ நிறமாயிற்று. சும்மா ஒருமுறை அழுத்தினேன். பக்கம் விரிந்தது! ஊர் என்ற இடத்தில் தட்டிப் பார்த்தேன். எழுத்து விழுந்தது! கீழே ‘சேமி’ என்பதை அழுத்தினேன். ‘சேமிக்கப்பட்டது’ என்று வந்தது.

கதிரையிலிருந்து துள்ளி எழுந்தேன். “திறந்திட்டுது! வீட்டுக் காது திறந்திட்டுது!” என்று கத்தினேன். நிறத்தை மட்டும் பார் என்று சொன்னார்களே, நிறத்தை வைத்தே கதவைத் திறந்துவிட்டேன் பார்த்தீர்களா என்று எனக்கு ஒரு தலைக்கனம். சைக்கிளை எடுத்துக்கொண்டு நானே முகாமுக்குப் போய் அக்காவைக் கூட்டிவந்தேன்.

அவளைப் பக்கத்தில் இருத்தி நானே தட்டினேன். இரண்டு அறை. கல் அத்திவாரம். முன்பக்கம் ஓடு, குசினிக்குத் தென்னோலைக் கிடுகு. பின்சுவர் இல்லை. உரிமை யாருக்கு என்ற இடத்தில் அவளுடைய பெயரை அவளே எழுத்து எழுத்தாகச் சொல்ல நான் போட்டேன். கணவன் பற்றிய இடத்தை வெறுமையாக விட்டேன். சேமிக்கப்பட்டது என்று வந்ததும் திரையைத் திருப்பி அவளுக்குக் காட்டினேன்.

“என்ட பேர்தானே அது?”

“உங்கட பேர்தான் அக்கா.”

“நல்லாயிரு கிளி. நீ நல்லாயிருப்பாய்” என்று என் தலையைத் தடவினாள். பதிகிற மற்றப் பிள்ளைகளிடமும் சொன்னேன். அந்தக் கிழமை, திரும்பிப் போன பெண்களை எல்லாம் தேடித் தேடிக் கூப்பிட்டுப் பதிந்தோம்.

ஒரேயொரு வேலையை நான் செய்யவில்லை. பதிந்த ஒரு கோப்பை மூடி, மறுபடி திறந்து, எழுதியது உள்ளே இருக்கிறதா என்று பார்க்கவில்லை. டிப்ளோமா வகுப்பில் முதல் மாதம் சொல்லித்தருகிற விஷயம் அது. ஒரு நிமிட வேலை. வென்றுவிட்டேன் என்ற சந்தோசப் புளுகத்தில் எனக்கு அந்த ஒரு நிமிடம் கிடைக்கவில்லை.

வெளிநாட்டு ஆட்கள் வந்தார்கள். நிறம் நன்றாக இருக்கிறது என்றார்கள். பணிப்பாளர் என்னைக் கூப்பிட்டுக் கைகொடுக்க வைத்தார். பிறகு ஒரு மாதம் கழித்து ஓடு கிடைக்கிறவர்களின் பட்டியல் கொழும்பிலிருந்து வந்தது. முகாம் சுவரில் ஒட்டினார்கள். அந்த அக்காவின் பெயர் இல்லை. அவளைப் போல நாங்கள் தேடித் தேடிப் பதிந்தவர்களில் ஒருத்தியின் பெயர்கூட இல்லை.

ஓடிப்போய் அவளுடைய கோப்பைத் திறந்தேன். பிள்ளைகளின் பெயர் இருந்தது. சுகாதாரம் இருந்தது. வீட்டுப் பக்கம் துடைத்துவிட்டது போல வெறுமை. கொழும்புக்குப் போன் போட்டேன். கம்பனியில் ஒரு பையன் வலு மரியாதையாக விளக்கினான்.

“நீங்க மாத்தினது லுக் மட்டுந்தான் மிஸ். ரூல் அப்படியேதான் இருக்கு. தலைவர் பக்கம் சரியில்லாட்டி வீட்டுப் பக்கத்த அது எடுக்காது. மத்தது சேவ் ஆகும்.”

“எடுக்காட்டி எடுக்கல்ல எண்டு சொல்ல வேணாமா? சேமிக்கப்பட்டது எண்டு ஏன் பல்லக் காட்டினது?”

“மத்தது சேவ் ஆனதுதானே மிஸ்.”

நாசமறுவானே! போனை வைத்துவிட்டுப் பணிப்பாளரின் அறைக்குள் போனேன். கதவைத் தட்டினேனா என்று நினைவில்லை. அந்தச் சாம்பல் நிறம் அங்கே இருந்திருந்தால் பதிகிற பிள்ளைகள் பூட்டு என்று தெரிந்துகொண்டிருப்பார்கள், நாங்கள் வேறு வழியைத் தேடியிருப்போம், உங்கள் விருந்தாளிகளுக்காக அதை மறைக்கச் சொன்னீர்களே என்று சத்தம் போட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“திறக்குதெண்டு துள்ளினது நீங்கதானே தங்கச்சி? நான் கலரை மட்டுந்தானே மாத்தச் சொன்னன்.”

அது உண்மை. அதனால்தான் இன்றுவரை எனக்கு ஆறவில்லை. அவரைத் திட்ட வாயைத் திறக்கும்போதெல்லாம் பாதித் திட்டு எனக்கே வந்து விழுகிறது.

முகாமுக்குப் போய் அக்காவிடம் சொன்னேன். திரையில் எழுதியது உள்ளே போகவில்லை என்பதை எப்படிச் சொல்வது? தட்டித் தடுமாறிச் சொன்னேன். அவள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள், ஊதுவதை நிறுத்தினாள்.

“என்ட பேர நான் கண்ணால கண்டனேகா.”

“கண்டீங்கதான் அக்கா. அது மேலால மட்டும்...”

“அப்ப நீ எனக்கு என்னத்தகா காட்டின?”

அடுத்த நாளே எழுத உட்கார்ந்தேன். அந்தப் பெண்களின் விபரம் முழுவதையும் என் கையால் கடதாசியில் எழுதி, ஒவ்வொருத்தியிடமும் கையொப்பமும் விரல் அடையாளமும் வாங்கி அனுப்பினேன். கடதாசியை ஏற்கமாட்டோம், புரோகிராமில் வரவேண்டும் என்று பதில் வந்தது. விதியை மாற்றக் கேட்டு மூன்று கடிதம் எழுதினேன். பரிசீலனையில் இருக்கிறது என்று மூன்று பதில் வந்தது. இடையில் நான் செய்த ஒரேயொரு உருப்படியான வேலை, அந்தக் கட்டத்தில் போட்ட சரியை எடுத்துவிட்டு வீட்டுக் காதை மறுபடி சாம்பலாக்கியது. பணிப்பாளர் பார்த்துவிட்டுப் போனார்.

இரண்டாவது பட்டியல் மாரிக்கு முன் மூடும் என்று அறிவித்தார்கள். அதோடு சரி, மூன்றாவது இல்லை. சனத்தை ஊருக்குத் திருப்பி அனுப்பத் தொடங்கியிருந்தார்கள்.

மூடுவதற்கு இரண்டு நாள் இருக்க அந்த அக்கா வந்தாள். கூட அவளுடைய தம்பி. மண்டபத்தில் வேறு யாரிடமும் போகாமல் நேரே என் மேசைக்கு வந்து, பொலித்தீன் பையிலிருந்து ஒரு கடதாசியை எடுத்து வைத்தாள். மரண அத்தாட்சிப் பத்திரம். ஒரு வருடத்துக்கு மேல் காணாமல் இருந்தால் எடுக்கலாம் என்று கிராம சேவகர் சொல்லியிருக்கிறார். தம்பி சாட்சிக் கையொப்பம் வைத்திருக்கிறான். மாடு பார்க்கப் போன தேதியையே இறந்த தேதியாகப் போட்டிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் தை மாதம் வரைதான் பொறுப்பார்களாம், அதைத் தம்பிதான் சொன்னான்.

“அக்கா, நான் இன்னொரு கடிதம்...” என்று தொடங்கினேன்.

“வேணா மனே. போடு.”

இலக்கத்தைத் தட்டினேன். சாம்பல் நிறம் போயிற்று. இரண்டு அறை, கல் அத்திவாரம், பின்சுவர் இல்லை. போனமுறை போலவே அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அவளுடைய பெயரை மட்டும் இந்தமுறை நான் கேட்கவில்லை. ‘விதவை’ என்று புரோகிராமே போட்டு, பக்கத்தில் அவளுடைய பெயரையும் தானே போட்டுக்கொண்டது. சேமி என்பதை அழுத்தினேன். கோப்பை மூடினேன். மறுபடி திறந்தேன். எழுதியது எல்லாம் அப்படியே இருந்தது.

“பதிஞ்சிட்டுதா?”

“ஓம் அக்கா. பதிஞ்சிட்டுது.”

அவள் பத்திரத்தை நாலாக மடித்துப் பையில் வைத்தாள். எழுந்து வாசல்வரை போனவள் திரும்பி வந்து என் மேசையில் குனிந்து, தம்பிக்குக் கேட்காமல் மெல்லச் சொன்னாள்.

“அவரு வந்தா, நான் இத எழுதிக் குடுத்தத அவரிட்டச் சொல்லிராதகா.”